கடலூர் டீசலும் ஜெனீவா ஒப்பந்தமும்: ஆய்வு எண்கள் சட்டமான விதம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மானிய டீசல் பிடிக்க வருகிற படகுக்காரர் ஒரு பாஸ்புக்கை நீட்டுவார். படகின் பதிவு எண், எடுத்த லிட்டர், இன்னும் எடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அதில் ஏறும். 2023 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தபடி, விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் வரிவிலக்கு டீசல். அதற்கு முன்பு இது 18,000, 4,000 என்று இருந்தது.

இந்த மாதிரியான லிட்டர் கணக்கைப் பற்றித்தான் ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பின் கூட்டங்களில், இருபது ஆண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2022 ஜூன் 17ஆம் தேதி மீன்பிடி மானிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகள், அதாவது 111 நாடுகள், ஒப்புதல் தந்து முடிக்க இன்னும் மூன்று ஆண்டு பிடித்தது. 2025 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஒப்புதல் தந்தவர்கள் பட்டியலில் இந்தியா இல்லை.

மீன் குறைவது சுற்றுச்சூழல் சங்கதி. அது வர்த்தகச் சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது? கொள்கை ஆய்வுகள்தான் நுழைத்தன. அந்த ஆய்வுகள் எதை எண்ணின, எதை எண்ணாமல் விட்டன என்பதைக் கடலூர்க் கரையில் நின்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எண் பிறந்த கதை

ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1993இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1989 நிலவரப்படி, உலகக் கடல்மீன் தொழிலுக்கு மீன் விற்ற வரவு சுமார் 70 பில்லியன் டாலர். படகு, எரிபொருள், கூலி, வட்டி எல்லாம் சேர்த்துச் செலவு 124 பில்லியன். இடையில் 54 பில்லியன் துண்டு விழுகிறது. இவ்வளவு நட்டத்தில் ஒரு தொழில் ஆண்டுக்கணக்கில் ஓட முடியாது, அப்படியானால் யாரோ பணம் போடுகிறார்கள், அது அரசாங்கங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தருக்கம். மானியத்தை நேரடியாக யாரும் எண்ணவில்லை. துண்டு விழுந்த தொகையிலிருந்து ஊகித்தார்கள், அவ்வளவுதான்.

1998இல் உலக வங்கிக்காக மட்டேயோ மிலாஸோ நாடுவாரியாக எண்ணிப் பார்த்து, மானியம் ஆண்டுக்கு 14 முதல் 20 பில்லியன் டாலருக்குள் இருக்கும் என்றார். முதல் எண்ணில் பாதிகூட இல்லை. எண் இப்படிச் சரிந்தால் வாதமும் கூடவே சரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. இரண்டு எண்ணும் ஒரே பக்கம் கைகாட்டின: கடலில் இருக்கிற மீனுக்கு மேல் படகு இருக்கிறது, அந்தப் படகை அரசாங்கப் பணம் மிதக்க வைக்கிறது. இரண்டாவது எண் சின்னது என்றாலும் நம்பகமானது. பேச்சுவார்த்தை மேசையில் பெரிய எண்ணைவிட, எதிராளி மறுக்க முடியாத எண்ணுக்குத்தான் மவுசு.

நியூசிலாந்து, ஐஸ்லாந்து, பெரு போன்ற நாடுகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து இந்த அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தன. உலக வர்த்தக அமைப்பிடம் ஏற்கெனவே ஒரு மானியச் சட்டம் இருந்தது. ஆனால் உன் மானியத்தால் என் வியாபாரம் கெட்டது என்றால்தான் அது காது கொடுக்கும். கடலில் மீன் கெட்டது என்றால் கேட்காது. அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியதுதான் ஆய்வாளர்கள் செய்த பெரிய வேலை என்பேன். மீன்வள அமைச்சர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயம் வர்த்தக அமைச்சர்களின் மேசைக்கு மாறியது.

அப்புறம் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2001 தோஹா மாநாட்டு அறிவிப்பில் மீன்பிடி மானியம் இடம்பெற்றது. 2005இல் ஹாங்காங்கில், அளவுக்கு மீறிய படகுத்திறனையும் மீன்பிடிப்பையும் வளர்க்கும் மானியங்களைத் தடைசெய்யலாம் என்ற பேச்சு வலுத்தது. 2009இல் உலக வங்கியும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து, மோசமான மேலாண்மையால் ஆண்டுக்கு 50 பில்லியன் டாலர் வீணாகிறது என்றன. 2015இல் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14.6 என்ற எண்ணில் இது ஏறியது, கெடு 2020. கெடு தாண்டி இரண்டாண்டு கழித்து ஒப்பந்தம் வந்தது.

இதற்குள் ஆய்வும் கூர்மையாகிவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஷீத் சுமைலா தலைமையிலான குழு, 2018இல் உலக நாடுகள் தந்த மானியம் 35.4 பில்லியன் டாலர் என்றும், அதில் 22.2 பில்லியன் மீன்பிடித் திறனைக் கூட்டும் வகை என்றும் 2019இல் கணக்கிட்டது. மானியம் மட்டும் இல்லாவிட்டால் எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத ஆழ்கடலில் இன்றைக்கு மீன்பிடி நடக்கும் பரப்பில் 54 விழுக்காடு கட்டுப்படியாகாது என்று 2018இல் இன்னொரு ஆய்வு சொன்னது. அதற்குச் செயற்கைக்கோள் வழியே கப்பல்களின் நடமாட்டத்தைப் பார்த்தார்கள். ஊகத்தில் தொடங்கிய கணக்கு ஒவ்வொரு கப்பலாகப் பின்தொடரும் அளவுக்கு வந்துவிட்டது.

கையில் இருக்கும் ஒப்பந்தம்

"டீசல் மானியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்" என்று கரையில் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. இப்போது அமலில் இருப்பதில் அப்படி எதுவும் இல்லை. அது தடுப்பது மூன்று வகை மானியத்தை: சட்டவிரோதமாகவோ கணக்கில் வராமலோ கட்டுப்பாட்டுக்குள் அடங்காமலோ மீன்பிடிக்கும் படகுக்குத் தருவது, ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இருப்பை (ஒரு கடல்பகுதியில் இருக்கும் ஒரு வகை மீனின் மொத்தத்தை) பிடிப்பதற்குத் தருவது, எந்த வட்டார மீன்வள அமைப்பும் மேற்பார்க்காத ஆழ்கடலில் பிடிப்பதற்குத் தருவது. முதல் இரண்டிலும், வளரும் நாடுகள் தங்கள் 200 கடல் மைல் எல்லைக்குள் தரும் மானியத்தின் மேல் இரண்டு ஆண்டுகளுக்கு வழக்கு தொடுக்க முடியாது.

முதல் வகையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தடைசெய்யப்பட்ட வலையோடு போனால் மானிய டீசல் நிறுத்தப்படும், நலத்திட்ட உதவிகள் ரத்தாகும் என்று நம் மீன்வளத் துறை ஒட்டும் அறிவிப்பைக் கடலூர், நாகை மாவட்டங்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். இருபது ஆண்டு பேசி ஜெனீவா வந்து சேர்ந்த இடமும் அந்த அறிவிப்பின் இடம்தான். கூடுதலாக ஒன்று: இங்கே துறை கண்டுகொள்ளாமல் விட்டால் கேட்க யாருமில்லை, அங்கே இன்னொரு நாடு கேட்கலாம்.

இரண்டாவது வகையில்தான் ஆய்வுக்கு உயிர்நாடி இருக்கிறது. ஒரு மீன் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதா இல்லையா என்று முடிவு சொல்வது யார்? தன் கடலுக்குள் என்றால் அந்தந்தக் கரைநாடே, கிடைக்கிற சிறந்த அறிவியல் ஆதாரத்தைக் கொண்டு. இந்தியாவுக்கு அந்த ஆதாரம் தருவது கொச்சியில் இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 135 மீன் இருப்புகளைப் பார்த்து, 2022 நிலவரப்படி 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாக அது சொல்லியிருக்கிறது. உலக அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்புகள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை என்று உணவு வேளாண் நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த ஒரு எண் இந்தியத் தரப்புக்கு எவ்வளவு பலம் என்று சொல்லத் தேவையில்லை.

இருப்பா, பங்கா?

கடலூர் வட்டாரத்தின் சுருக்குமடிப் பிரச்சினையை இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தால் பல விஷயங்கள் தெளியும்.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை தமிழ்நாட்டில் 2000இல் தடைசெய்யப்பட்டது. தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் பலர் கடன் வாங்கி வலை போட்டிருக்கிறார்கள். கவலை மீனும் கானாங்கெளுத்தியும் கூட்டமாக வரும்போது ஒரே வளைப்பில் டன் கணக்கில் ஏறும். அதே நேரத்தில் பக்கத்து ஊர் ஃபைபர் படகுக்காரர் செவுள்வலையில் பத்துக் கிலோ பார்க்க நாள் முழுக்க நிற்பார். புதுச்சேரிப் பக்கம் 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் இந்த வலையால் மோதல் முற்றி, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது.

மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு, இந்த வகை வலையால் மட்டும் மீன்வளம் பெரிதாக அழிந்ததற்கு ஆதாரமில்லை, கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று இடைக்கால உத்தரவு போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. வலைக்காரர்களுக்கு இது போதவில்லை; 12 மைல் தாண்டிப் போய், மீனைத் தேடி வளைத்து, ஆறு மணிக்குள் திரும்ப முடியுமா என்று கேட்டார்கள். எதிர்த்தவர்களுக்கும் இது பிடிக்கவில்லை.

வல்லுநர் குழு சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்ட கேள்வி இருப்பைப் பற்றியது. கரையில் நடக்கும் சண்டை பங்கைப் பற்றியது. நூறு டன் கவலையை நாலு வலை பிடித்தாலும் நானூறு படகு பிடித்தாலும், இருப்புக் கணக்கில் அது நூறு டன்தான். ஊருக்கு அது ஒன்றில்லை. அறிவியல் அறிக்கை வந்த பிறகும் சண்டை ஓயாததற்கு மீனவர் பிடிவாதத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜெனீவாவில் நடந்ததும் இதே தகராறுதான். 1993 முதல் வந்த அறிக்கைகள் எல்லாம் உலக மொத்தத்தை எண்ணின: எத்தனை பில்லியன், எத்தனை விழுக்காடு இருப்பு. மொத்தத்தில் பார்த்தால் இந்தியா பெரிய மீன்பிடி நாடு. 2024இல் இந்தியக் கடல் மீன் வரத்து 34.7 லட்சம் டன். அதில் தமிழ்நாடு 6.79 லட்சம் டன், குஜராத்துக்கு அடுத்த இடம். உலகக் கடல் மீனில் 0.8 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பிடிக்கும் வளரும் நாடுகளுக்கு என்று பேசப்படும் சலுகையில் இந்தியா சேரவே முடியாது. தேவனாம்பட்டினத்து ஃபைபர் படகும், ஆறு மாதம் நடுக்கடலில் நிற்கும் தொலைதூரக் கப்பலும் இந்தக் கணக்கில் ஒரே வரிசை.

பங்கை எண்ணும் ஆய்வுகள் பிந்தித்தான் வந்தன. சுமைலாவோடு பணியாற்றிய அன்னா ஷூபவர் முதலானோர் 2020இல், உலக மானியத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெரிய அளவிலான மீன்பிடிக்குப் போகிறது என்று காட்டினார்கள். உணவு வேளாண் நிறுவனமும் டியூக் பல்கலைக்கழகமும் வேர்ல்டுஃபிஷ் ஆய்வு அமைப்பும் 2023இல் முடித்த பெரிய ஆய்வு, உலக மீன்பிடிப்பில் குறைந்தது 40 விழுக்காடு சிறு அளவிலானது, இந்தத் தொழிலில் வேலை செய்பவர்களில் 90 விழுக்காடு அதில்தான் இருக்கிறார்கள் என்றது. இவற்றுக்கு விதை வெகு முன்பே நம் பக்கம் போடப்பட்டது. 1986இல் திருவனந்தபுரத்தில் உருவாகி, சென்னையில் அலுவலகம் வைத்து நடந்த மீன்தொழிலாளர் ஆதரவுப் பன்னாட்டுக் கூட்டமைப்பு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2014இல் உணவு வேளாண் நிறுவனம் ஏற்ற சிறு அளவு மீன்பிடி வழிகாட்டு நெறிகளில் அந்த உழைப்புக்குப் பங்கு உண்டு.

தலைக்கு எவ்வளவு

2022 ஜூனில் ஜெனீவா மாநாட்டில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் ஒரு ஒப்பீடு வைத்தார். இந்தியாவில் ஒரு மீனவர் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மானியம் 15 டாலர்தான். சில நாடுகளில் அது 42,000, 65,000, 75,000 டாலர் என்றார். இந்திய மீனவர் குழு ஒன்றும் ஜெனீவாவுக்கே போய் எதிர்ப்புத் தெரிவித்தது. 2022 ஒப்பந்தத்தில் அளவுக்கு மீறிய படகுத்திறன் பற்றிய பகுதி இடம்பெறாமல் போனதற்கு இந்த எதிர்ப்பும் ஒரு காரணம். 2024இல் அபுதாபி மாநாட்டிலும் அந்தப் பகுதி முடியவில்லை. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம், தொலைதூர மீன்பிடி நாடுகள் 25 ஆண்டுக்குத் தங்கள் எல்லைக்கு அப்பாலான மானியத்தை நிறுத்த வேண்டும் என்பது இந்தியாவின் நிலை.

தலைக்கு எவ்வளவு என்று கேட்டது நியாயம்தான். முப்பதாண்டு பில்லியன் கணக்கை ஒரே ஒப்பீடு அசைத்தது. ஆனால் அந்தக் கேள்வியை ஜெனீவாவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, கடலூரிலும் கேட்க வேண்டும்.

கேட்டுப் பார்ப்போம். விசைப்படகுக்கு 19,000 லிட்டர்; எட்டுப் பேர் போகிறார்கள் என்று வைத்தால் தலைக்கு 2,375. நாட்டுப்படகுக்கு 4,400, நாலு பேர் என்றால் தலைக்கு 1,100. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இது தோராயம், ஆள் எண்ணிக்கை படகுக்குப் படகு மாறும், எல்லோரும் முழு அளவும் எடுப்பதில்லை. மேலும் விசைப்படகில் போகிறவர்கள் எல்லாம் வசதியானவர்கள் இல்லை. முதலாளி கரையில் இருக்க, பங்குக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் ஃபைபர் படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான். கரையிலிருந்து பார்த்தால் சிறியவர், பெரியவர் என்று நறுக்காகக் கோடு போட முடியாது.

ஆனாலும் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஜெனீவாவில் போடப் போகிறார்கள். வருமானம் குறைந்த, வசதியற்ற, பிழைப்புக்காக மீன்பிடிப்பவர்களுக்கு விலக்கு என்று வரைவுகளில் வருகிறது. அது கரையிலிருந்து 12 மைலா, 24 மைலா என்பதில் இழுபறி. 200 மைல் முழுக்க வேண்டும் என்கிறது இந்தியா. 200 மைல் கேட்டால் ஃபைபர் படகுக்காரர் பாதுகாக்கப்படுவார், சரி. அவர் பேரைச் சொல்லி இழுவைமடிப் படகும் உள்ளே வந்துவிடும். இதைச் சொன்னால் தேசத்துக்கு எதிராகப் பேசுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில் நம் ஆய்வாளர்களில் பலர் இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் பேசாவிட்டால் அந்த இடத்தை வெளியூர் ஆய்வு நிரப்பும்.

கூடை எண்ணுகிறவர்

சர்வதேசக் கணக்கில் கடலூர் எப்படி ஏறுகிறது என்பதையும் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம். கொச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர், மாதிரி முறையில் தேர்வான நாளில் இறங்குதளத்துக்கு வருவார். முதல் நாள் மதியம் 12 முதல் மாலை 6 வரை, மறுநாள் காலை 6 முதல் மதியம் 12 வரை. ராத்திரி இறங்கியதை விசாரித்து எழுதிக்கொள்வார். வந்த படகு பதினைந்துக்குள் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பார், கூடினால் மாதிரி எடுப்பார். எந்த வலை, எத்தனை மணி நேரம், எந்த மீன், எவ்வளவு எடை. ஏலம் போடுகிறவர் கத்த, ஐஸ் உடைக்கிறவர் ஒதுங்கச் சொல்ல, இதற்கு நடுவே கூடையைப் பார்த்தே கிலோ சொல்லும் அளவுக்குக் கண் பழகியிருக்க வேண்டும். 34.7 லட்சம் டன் என்ற எண் இப்படிப்பட்ட கரைகளில்தான் சேர்கிறது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதால், படிவத்தோடு வரும் மாணவர்களும் கடலூர்க் கரைக்குப் புதிதில்லை. அப்படி வந்த ஒரு பையன், "அண்ணே, நேத்து எத்தன பாக்ஸ் எறங்குச்சு?" என்று கேட்டான். கேட்கப்பட்டவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பாக்ஸ எண்ணிக்கிட்டுப் போயிடுற தம்பி. எத்தன பேரு பங்கு பிரிச்சோம்னு எழுத அதுல எடம் இருக்கா?"

இடம் இல்லை. அந்தப் படிவம் இருப்புக் கணக்குக்காகப் போட்டது.

படகில் ஏறாதவர்களும் அந்தப் படிவத்தில் வருவதில்லை. ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரிலும் நெல்லிக்குப்பத்திலும் கூடை இறக்கும் பெண்கள் டீசல் பாஸ்புக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. சிறு அளவு மீன்பிடித் தொழிலில் பத்தில் நாலு பேர் பெண்கள் என்று அந்த 2023 ஆய்வு உலக அளவில் சொல்கிறது. மானியம் பற்றிய சர்வதேசப் பேச்சு மொத்தமும் எரிபொருளையும் படகையும் சுற்றியே நடந்ததால், இவர்கள் இழப்பதற்கும் பெறுவதற்கும் அதில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

2029 செப்டம்பருக்குள்

ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு வினோதமானது. அமலுக்கு வந்த நான்கு ஆண்டுக்குள், அதாவது 2029 செப்டம்பருக்குள், மீதிப் பகுதியையும் சேர்த்து முழுமையான விதிகள் வராவிட்டால், உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுக்காதவரை ஒப்பந்தமே காலாவதியாகும். அதனால் படகுத்திறன் மானியம் பற்றிய பேச்சு மறுபடி சூடு பிடிக்கும். அப்போது "15 டாலர்" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த 15 டாலர் உள்ளூரில் எப்படிப் பிரிகிறது என்று எதிர்த் தரப்பு கேட்கும்.

அதற்குப் பதில் தயாரிக்கப் புதிய ஆய்வு நிறுவனம் கட்ட வேண்டியதில்லை. படகுவாரியாக லிட்டர் கணக்கு மீன்வளத் துறையின் பாஸ்புக்குகளில் இருக்கிறது. படகின் நீளமும் இஞ்சின் திறனும் பதிவேட்டில் இருக்கின்றன. மீன் வரத்து ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. குடும்ப விவரம் 2025 நவம்பரில் வீடு வீடாகத் தொடங்கிய கடல் மீனவர் கணக்கெடுப்பில் வரும். பெயர்களை நீக்கிவிட்டு இந்த நாலையும் ஒரு மாவட்டத்துக்குச் சேர்த்துப் பார்த்தாலே, ஒரு லிட்டர் மானிய டீசல் எத்தனை கிலோ மீனையும் எத்தனை பேர் கூலியையும் தாங்குகிறது என்பது படகு வகைவாரியாகத் தெரிந்துவிடும். கடலூர் அதற்குத் தோதான மாவட்டம்: இழுவைமடி, சுருக்குமடி, செவுள்வலை, கரைவலை எல்லாம் ஐம்பதுக்கு உட்பட்ட ஊர்களில் அடங்கியிருக்கின்றன, அரை மணி நேரத்தில் போகும் தூரத்தில் வேறு அரசு, வேறு நிவாரண விதிகளோடு புதுச்சேரியும் ஒப்பிட இருக்கிறது. அந்தக் கணக்கு விசைப்படகுச் சங்கத்துக்கும் பிடிக்காமல் போகலாம், தில்லிக்கும் பிடிக்காமல் போகலாம். அதற்காக அதைப் போடாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பேச்சு மேசையில் நம் கரையைப் பற்றி வேறு யாரோ போட்ட கணக்குதான் இருக்கும்.